பல்லாவரம் முதல் தாம்பரம் வரை: எங்கே சாப்பிடுவது, எதை எங்கே வாங்குவது?

கேள்வி: சென்னை குரோம்பேட்டையில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறோம், அடுத்த மாதம் குடிவருகிறோம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் உங்களுக்குப் பிடித்த ஓட்டல்கள், காபிக் கடைகள், மற்ற கடைகள் எவை?

மீட்டர் கேஜ் மின்சார ரயிலின் கடைசிக் காலத்தில் இந்தப் பக்கம் குடிவந்தவன் நான். முதலில் தாம்பரம் மேற்கு, அப்புறம் குரோம்பேட்டை. இத்தனை வருஷம் இருந்தும் கடைப் பெயர்களாகப் பட்டியல் போட எனக்கு வராது. நான் சாப்பிடும் கடைகளில் பாதிக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. மீதியின் பலகையை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் எல்லாமே கேட் கடை, பேங்க் எதிர்க்கடை, பாலத்தடிக் கடைதான். பெரிய ஓட்டல்களின் கிளைகள் ஜிஎஸ்டி ரோடு (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) நெடுக இருக்கின்றன, அவற்றுக்கு என் சிபாரிசு தேவையில்லை.

ஆனால் ஒன்று சொல்ல முடியும். இந்த வட்டாரத்தில் எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணிக்கு என்பதுதான் கணக்கு. கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து இது காலையில் கிளம்பிப் போய் ராத்திரி திரும்புகிற ஊர். கடைக்காரர்களும் ரயில் நேரத்தைப் பார்த்துத்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். அதே கடையில் காலை 7 மணிக்குச் சாப்பிட்டவர் கும்பிடுவார், 10 மணிக்குச் சாப்பிட்டவர் திட்டுவார். இணையத்தில் ஒரே கடைக்கு ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் அடுத்தடுத்து விழுவதற்கு இதுதான் காரணம் என்பது என் முடிவு.

குரோம்பேட்டையில் ஆரம்பிக்கிறேன். குரோம் லெதர் என்ற தோல் தொழிற்சாலையால் வந்த ஊர்ப் பெயர் இது. எனக்கு இந்த ஊர் என்றால் காபிப்பொடி வாசனைதான். கொட்டையை வறுத்து, கண்ணெதிரே அரைத்துத் தரும் கடைகளில் ஒன்றைப் பிடித்துவிடுங்கள். பாக்கெட்டில் அடைத்து வருவதை வாங்கவே வாங்காதீர்கள். பீபெரியா, பிளாண்டேஷனா என்று கொட்டையின் வகையைக் கேட்பார்கள். தெரியாவிட்டால் பாதிப் பாதி என்று சொல்லுங்கள், குற்றமில்லை. உண்மையான சண்டை சிக்கரியில்தான். என் அப்பாவுக்கு 100க்கு 10 பங்குக்கு மேல் சிக்கரி போட்டால் அது காபியே இல்லை. என் மனைவிக்கு 30 இல்லாவிட்டால் டிகாக்ஷன் இறங்கின மாதிரியே இருக்காது. வீட்டில் இரண்டு பில்டர், வாரம் இரண்டு பொட்டலம். கடைக்காரருக்கு இது மனப்பாடம். நான் படியேறும்போதே “பெரியவருக்கா, அக்காவுக்கா?” என்பார். எனக்கு எது வேண்டும் என்று இதுவரை கேட்டதில்லை. சூடு ஆறாத பொட்டலத்தை உடனே பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடாதீர்கள், வேர்த்துப்போகும். கொஞ்ச நேரம் திறந்து வைத்துவிட்டு அப்புறம் மூடுங்கள்.

இட்லிக்கு ஸ்டேஷனை ஒட்டிய எந்தச் சின்னக் கடையும் பரவாயில்லை, ஆனால் முதல் ஈட்டுக்குப் போய் நிற்காதீர்கள். அப்போது கொப்பரையில் தண்ணீர் சரியாகத் தளதளத்திருக்காது, இட்லி கொஞ்சம் அமுங்கித்தான் வரும். இரண்டாம், மூன்றாம் ஈடுதான் பஞ்சு. “அண்ணே, அடுத்த ஈடு எப்போ?” என்று கேட்டால் போதும், நீங்கள் விவரமான ஆள் என்று தெரிந்துவிடும். “ரெண்டு நிமிஷம் சார், உக்காருங்க” என்று சொல்லிவிட்டுத் துணியோடு தட்டைக் கவிழ்த்து, தண்ணீர் தெளித்து உரிப்பார். அந்த ஆவியோடு இலையில் விழுவதைச் சாப்பிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் சட்னிக்குத் தண்ணீர் கூடும், அது எல்லா ஊரிலும் நடப்பதுதான். பொங்கல் அதற்கு முன்பே இறுகிவிடும். ஒரு தடவை ஜிஎஸ்டி ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஓட்டல் ஒன்றில் 11 மணிக்குப் பொங்கல் கேட்டேன். வடையால் குத்திப் பார்த்தேன், வடைதான் உடைந்தது. தப்பு ஓட்டல்மேல் பாதி, என்மேல் பாதி.

மதியச் சாப்பாடு உங்களுக்குப் பெரிய கவலையாக இருக்காது. எம்ஐடி பொறியியல் கல்லூரி 1949இலிருந்து இங்கே இருக்கிறது, மாணவர்களை நம்பி மெஸ்கள் உண்டு. ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த ஊர் என்பதால் டிபன் கேரியரில் வீட்டுக்கே கொண்டுவந்து தருபவர்களும் உண்டு. நியூ காலனி, நேரு நகர்ப் பக்கம் காலையில் ஒரு நடை நடந்தால் வாசல் கேட்டிலேயே ‘பருப்புப் பொடி, வத்தல், வடகம் கிடைக்கும்’ என்று சின்ன அட்டை தொங்கும். அப்படி ஒரு வீட்டில்தான் எங்களுக்கு நார்த்தங்காய் ஊறுகாய். எந்த வீடு என்று சொல்லமாட்டேன், சொன்னால் எனக்குத் தீர்ந்துவிடும்.

பிரியாணிக்கு ஒரே விதிதான். தம் உடைக்கிற நேரத்துக்குப் போங்கள். அனேகமாக 12 மணிக்கு முன்னாலேயே முதல் அண்டாவைத் திறப்பார்கள். இரண்டு மணிக்குப் போனால் மேல் சோறு போய், அடி சோறு எண்ணெயோடு வரும். அதுதான் ருசி என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள், என் மைத்துனர் அந்தக் கட்சி.

சரி, பல்லாவரம். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வட்டாரத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த ‘கடை’ வாரத்தில் ஒரு நாள்தான் இருக்கும். பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமை கூடுகிற சந்தையைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் மாட்டுச் சந்தை. இப்போது செடி, கருவாடு, புறா, பழைய செல்போன், பாதி டெலிபோன், ஒற்றைச் சக்கர சைக்கிள், யாரோ கழற்றிய கதவு எல்லாம் வரும். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ஊர் இந்தப் பல்லாவரம். பழைய சாமான் கிடைப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை.

என் வீட்டு தோசைக்கல் இந்தச் சந்தையில் வாங்கியதுதான். தார்ப்பாய் விரித்து ஸ்பானர், குழாய், பூட்டு என்று கொட்டி வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம், எல்லாவற்றுக்கும் அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. கனமான வார்ப்பிரும்புக் கல். விலை கேட்டேன். அவர் விலை சொல்லாமல் கல்லைக் காதுப் பக்கம் தூக்கி, ஒரு ஸ்பானரால் தட்டிக் காட்டினார். ணங்கென்று கேட்டது.

“பாத்தியா தம்பி, மணி மாதிரி. சத்தம் செத்துப்போயிருந்தா உள்ள விரிசல்னு அர்த்தம். அத எவன் குடுத்தாலும் வாங்காத.”

“துரு இவ்ளோ இருக்கேண்ணே?”

“துரு மேலதானே இருக்கு. செங்கப்பொடி போட்டுத் தேச்சா போயிரும்.”

அவர் சொன்ன விலையில் பாதி கேட்டேன், முக்கால்வாசியில் முடிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மனைவி என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். இரண்டு நாள் தேய்த்து, மூன்று நாள் அரிசிக் கஞ்சியில் ஊறப்போட்டு, நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கி, வெங்காயத்தால் துடைத்துத் துடைத்துப் பழக்கினோம். முதல் வாரம் தோசை பிய்ந்துதான் வந்தது. அதற்கப்புறம் இன்றுவரை ஒட்டியதில்லை. எங்கள் வீட்டில் மற்ற தோசைக்கல் எல்லாம் விருந்தாளிதான்.

சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் செடிகள் வாடிவிடும், நாமும்தான். ரோஜாச் செடி வாங்கினால் பூவைப் பார்க்காதீர்கள், ஒட்டுக்குக் கீழே துளிர் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். விட்டிருந்தால் கொஞ்ச நாளில் காட்டு ரோஜாதான் மிஞ்சும். மின்சாதனம் எதையும் ஓட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். வண்டியில் போனால் நிறுத்த இடம் கிடைக்காது, குரோம்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரே ஸ்டேஷன். 2020இல் பல்லாவரம் மேம்பாலம் திறந்தபிறகு மேலே பறக்கிறவர்களுக்குக் கீழே இப்படி ஒரு ஊர் இருப்பதே தெரிவதில்லை.

தாம்பரம் சானடோரியத்தைப் பலர் இறங்காமலே கடந்துவிடுவார்கள். 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஷிப்ட் விடும் சாயங்காலத்தில் அங்கே நின்று பாருங்கள். ஆயிரக்கணக்கில் பெண்கள் வெளியே வருவார்கள், வாசலோரத்தில் பூ, சுண்டல், பானிபூரி, கீரைக்கட்டு எல்லாம் அரை மணி நேரத்தில் காலியாகும். கீரை அங்கே நன்றாக இருக்கும். வீட்டுக்குப் போய் உலை வைக்கப் போகிறவர்கள் வாங்குவது, வாடலைக் கொண்டுவந்தால் விற்காது. சித்த மருத்துவ நிறுவனமும் அந்தப் பக்கம்தான் என்பதால் சுக்கு, திப்பிலி, அதிமதுரம் தேடினால் சுற்றுவட்டார நாட்டு மருந்துக் கடைகளில் கிடைத்துவிடும்.

தாம்பரத்தில் மேற்குப் பக்கம் இறங்கினால் சண்முகம் சாலை. பாத்திரம், துணி, வளையல், காய்கறி எல்லாம் ஒரே நெரிசலில். புது வீட்டுக்குப் போகிறவர்களுக்கு வாளி, குவளை, கொடிக்கயிறு, எவர்சில்வர் டப்பா எல்லாம் ஒரே நடையில் முடியும். பண்டிகைக்கு முந்தின வாரம் மட்டும் போய்விடாதீர்கள். நானே போகமாட்டேன்.

கஃபே பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது என் பெண்ணின் இலாகா. கிழக்குத் தாம்பரம், சேலையூர் பக்கம் நிறைய வந்திருக்கின்றன. மெல்லிய வெளிச்சம், நீளமான மெனு, கண்ணாடி ஜாடியில் காபி. ஒரு தடவை அழைத்துப் போனாள். காபி வருவதற்குள் எனக்கு அடுத்த காபிக்கு நேரமாகிவிட்டது. ஆனால் கிறிஸ்தவக் கல்லூரி 1937இலிருந்து அங்கே இருக்கிறது, வடகிழக்கு மாநிலப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்கள் எந்த மோமோ வண்டியைச் சுற்றி நிற்கிறார்களோ அங்கே நீங்களும் நில்லுங்கள்.

பெருங்களத்தூர் ரோட்டோரக் கடைகளை முன்பு நான் எல்லோருக்கும் சொல்வேன். தெற்கே போகும் பஸ்ஸுக்காகக் கூட்டம் காத்திருக்கும், நடுராத்திரி அவித்த வேர்க்கடலையும் சுக்குக் காபியும் சூடாக இருக்கும். 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தபிறகு அந்தக் கூட்டம் அங்கே போய்விட்டது. கடலை வண்டிகள் சிலவற்றை இன்னும் பார்க்கிறேன், ஆனால் பழைய கலகலப்பு இல்லை.

கடைசியாக என் சொந்தப் பலவீனம், அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ். பர்மாவில் 1962 ராணுவ ஆட்சிக்குப்பின் திரும்பிவந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. வடசென்னையில்தான் நல்ல அத்தோ என்று பாரிமுனைக்காரர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். தாம்பரத்தில் ராத்திரி ஏழரைக்குமேல் நான் நிற்கும் வண்டி எனக்குப் போதும். கையாலேயே பிசைகிற சாப்பாடு, அதனால் சுத்தமான வண்டியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கனத்த நூடுல்ஸ், நறுக்கிய கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு வறுத்த எண்ணெய், மிளகாய்த்தூள், எலுமிச்சை, அப்புறம் மேலே நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறு பலகாரம். அந்த நொறுக்குச் சத்தம் கேட்டதும் தட்டை வாங்கிவிட வேண்டும், ஒரு நிமிஷம் போன் பார்த்துக்கொண்டு நின்றால் நமத்துப்போகும். முட்டை மசாலா ஒன்று சேர்த்துச் சொல்லுங்கள். கீறிய முட்டைக்குள் வறுத்த வெங்காயத்தைத் திணித்து, புளித்தண்ணீர் விட்டுத் தருவார்கள், முழுசாக வாயில் போட வேண்டும், இரண்டாகக் கடித்தால் சட்டை காலி. பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கிண்ணம் வரும். தீர்ந்ததும் கிண்ணத்தை நீட்டுங்கள், மறுபடி ஊற்றுவார். அதற்குத் தனிக் காசு கிடையாது.