ஸ்ட்ரட் மாற்றும்போது டஸ்ட் கவரையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னுடைய வேகன் ஆர் 85,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்பக்க இடது ஸ்ட்ரட்டில் (சக்கரத்தைத் தாங்கி அதிர்வை அடக்கும் பாகம்) ஆயில் கசிவதால் இரண்டு பக்கமும் மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். ஸ்ட்ரட், லேபர், வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் ஆகுமாம். டஸ்ட் கவரும் பம்ப் ஸ்டாப்பரும் புதிதாகப் போட்டால் மேலும் 900 ரூபாய். பழைய கவர் இரண்டும் கிழிந்திருக்கின்றன. ஆனால், "அது வெறும் ரப்பர்தான், இல்லாவிட்டாலும் வண்டி ஓடும்" என்கிறார் அவர். நான் வாரத்தில் நான்கு நாட்கள் உப்பளங்களை ஒட்டிய சாலையில் போய் வருகிறேன். அந்த 900 ரூபாய் தேவையான செலவா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: தேவையான செலவுதான். உங்கள் ஊருக்கும் நீங்கள் போகும் சாலைக்கும் அதைத் தவிர்க்கவே கூடாது என்பேன். கவர் இல்லாவிட்டாலும் வண்டி ஓடும் என்று மெக்கானிக் சொல்வது பொய்யில்லை. ஆனால் புதிய ஸ்ட்ரட் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஸ்ட்ரட்டின் மேற்பகுதியிலிருந்து நீண்டு நிற்கும், கட்டைவிரல் தடிமனுள்ள பளபளப்பான எஃகுத் தண்டைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பளபளப்பு குரோமியப் பூச்சினால் வருவது. அதன் கனம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. தண்டு ஸ்ட்ரட்டுக்குள் இறங்கும் வாயில் ஓர் ஆயில் சீல் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஆயிலையும், கேஸ் வகை ஸ்ட்ரட்டாக இருந்தால் நைட்ரஜனையும், அந்த ரப்பர் உதடுதான் வெளியேறாமல் தடுக்கிறது. கார் நிற்கும்போது தண்டின் ஒரு பகுதி எப்போதும் வெளியே தெரியும். பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அதே பகுதி சீலைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போய் வரும். அதில் ஒட்டியிருக்கும் மணலும் உப்பும் கூடவே சீலின் உதடு வரை போகின்றன. உப்பு ஈரம் குரோமியப் பூச்சின் நுண்ணிய துளைகள் வழியாக எஃகைத் தொட்டுவிட்டால் ஊசி முனை அளவுக்குத் துருப்புள்ளிகள் கிளம்பும். அதற்குப் பிறகு அந்தத் தண்டு சீலுக்கு ஓர் அரம். தண்டைச் சுற்றி மூடியிருக்கும் மடிப்பு உறையான டஸ்ட் கவர்தான் அந்த மணலையும் உப்பையும் தடுக்கிறது.

இதை நான் என் சொந்தக் காரில் கண்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பட்டறையில் முன்பக்க ஸ்ட்ரட் இரண்டையும் மாற்றியபோது, நைந்துபோன கவர்களை அறுத்தெறிந்துவிட்டு அப்படியே மாட்டிக் கொடுத்தார்கள், நானும் கேட்கவில்லை. இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் வலது ஸ்ட்ரட்டின் உடல் முழுக்க ஆயில் வழிந்து, அதன்மேல் புழுதி படிந்து கருஞ்சேறாக இருந்தது. கழற்றி எடுத்துத் தண்டின் மேல் விரல் நகத்தை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். மேலே மூன்று அங்குலம் வழுக்கிக்கொண்டு வந்த நகம், சீலுக்குச் சற்று மேலே கடுகைத் தேய்த்தாற்போன்ற ஒரு பட்டையில் சிக்கிச் சிக்கி நின்றது. கார் நிற்கும்போது வெளியே தெரியும் பகுதி துல்லியமாக அதுவேதான். ஸ்ட்ரட்டுக்கும் லேபருக்கும் அலைன்மென்டுக்கும் நான் இரண்டாம் முறை பணம் கொடுத்தேன்.

உங்கள் கணக்கிலும் இதுதான் முக்கியம். டஸ்ட் கவரை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. அது காயில் ஸ்பிரிங்குக்கு உள்ளே, ஸ்ட்ரட்டைக் காரின் உடலோடு இணைக்கும் மேல் மவுண்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் ஸ்ட்ரட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை கம்ப்ரஸரால் அழுத்தி, மேல் நட்டை எடுத்தாக வேண்டும்; திரும்ப மாட்டிய பிறகு அலைன்மென்டும் பார்க்க வேண்டும். இப்போது எப்படியும் எல்லாம் பிரிந்து கிடக்கப்போகிறது, ஆகவே கவர் போடுவதற்குத் தனி லேபர் இல்லை. 900 ரூபாயும் பொருளின் விலை மட்டுமே.

பம்ப் ஸ்டாப்பரின் நிலையைப் பற்றி உங்கள் மெக்கானிக் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. எனக்கு அதுவும் கவருக்குச் சமமான கவலைதான். தண்டில் கோர்த்திருக்கும் நுரை போன்ற அந்த உருளை, சக்கரம் பெரிய பள்ளத்தில் இறங்கி ஸ்ட்ரட் முழுவதும் அமுங்கும்போது உலோகத்தோடு உலோகம் மோதாமல் தாங்குகிறது. 85,000 கிலோமீட்டர் ஓடிய காரில் அது பல சமயம் பழைய ரொட்டித் துண்டைப் போல உதிரும் நிலையில் இருக்கும். அந்த உதிரிகள் நேராகச் சீலின் மேல்தான் விழுகின்றன. ஸ்டாப்பரே இல்லாமல் போனால், ஒரு பெரிய குழி புதிய ஸ்ட்ரட்டின் உள்வால்வைப் பாழாக்கிவிடலாம். பல கார்களுக்குக் கவரும் ஸ்டாப்பரும் ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. மேல் மவுண்டையும் அதன் பேரிங்கையும் கையில் எடுத்துச் சுழற்றிப் பாருங்கள். நறநறவென்று பிடித்தாலோ, ரப்பர் வெடித்திருந்தாலோ அதையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

எல்லோரும் எப்போதும் புதுக் கவர்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய கவர் கிழியாமல், மடிப்புகளை விரித்துப் பார்த்தால் வெடிப்பு இல்லாமல், இன்னும் இளக்கமாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து மறுபடியும் பயன்படுத்தலாம். ஸ்பிரிங், மவுண்ட் எல்லாம் சேர்த்துக் கட்டிய முழுத் தொகுப்பாக ஸ்ட்ரட் வாங்கினால் பெரும்பாலும் அதற்குள்ளேயே கவரும் இருக்கும், கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதி கிழிந்த கவரை 'இருக்கட்டுமே' என்று விட்டுவைப்பது கவரே இல்லாததைவிட மோசமாகலாம். கிழிசல் வழியாக உள்ளே போன மணல் வெளியேற வழியில்லாமல் ஒரு பையில் தேங்கியதுபோலச் சீலைச் சுற்றியே கிடக்கும். உங்கள் மாவட்டத்துத் தேரிக்காட்டுச் செம்மணல் எவ்வளவு நைசானது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் காருடைய கவர்கள் ஏற்கெனவே கிழிந்துவிட்டன. ஆகவே அவற்றைத் திரும்பப் போடும் பேச்சுக்கே இடமில்லை.

வாங்கும்போது உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் உரிய கவரையே கேட்டு வாங்குங்கள். நீளம் குறைந்த கவர், சக்கரம் தொங்கும்போது மேல் பிடியிலிருந்து நழுவிவிடும். நீளம் மிகுந்தது அமுங்கும்போது மடிந்து ஸ்பிரிங்கில் உரசிக் கிழியும்.

மாட்டும்போது பக்கத்தில் நிற்க முடிந்தால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மேல் நட்டை முடுக்கும்போது தண்டும் சேர்ந்து சுற்றும் என்பதால் சிலர் தண்டைப் பிளேயரால் கவ்விப் பிடிப்பார்கள். அந்த ஒரே கடியில் குரோமியம் போய்விடும், பிறகு எந்தக் கவர் போட்டும் பயனில்லை. தண்டின் உச்சியில் ஆலன் கீ அல்லது ஸ்பேனர் பிடிப்பதற்கு என்றே அமைப்பு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு கை ஸ்பேனரால் முடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, 'நல்லா வழுக்கும்' என்று தண்டில் கிரீஸ் தடவும் பழக்கம். சீலுக்குத் தேவையான ஆயில் உள்ளேயே இருக்கிறது. வெளியே தடவும் கிரீஸ் புழுதியைப் பிடித்துவைக்கும் பசை மட்டுமே.

கவர் போடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் காரின் முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். 1950இல் இங்கிலாந்தில் ஃபோர்டு கான்சல் காரில் வந்து, பிறகு உலகெங்கும் சிறிய கார்களுக்குப் பரவிய அமைப்பு அது. நம் மாருதி 800இலும் இதுவே இருந்தது. சாதாரண ஷாக் அப்சார்பரைப் போல அதிர்வை அடக்குவதோடு நில்லாமல் இது சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவும் வேலை செய்கிறது. பிரேக் போட்டாலும் வளைவில் திரும்பினாலும் அதன் தண்டில் பக்கவாட்டு விசை விழுந்து, சீலின் ஒரு புறத்தை அழுத்துகிறது. ஏற்கெனவே இவ்வளவு சுமக்கும் சீலுக்கு மணலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: சென்ற மாதம்தான் டஸ்ட் கவர் இல்லாமல் புது ஸ்ட்ரட் போட்டுவிட்டார்கள். மறுபடியும் கழற்றிப் போடுவதா, விட்டுவிடுவதா?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: நீங்கள் பெரும்பாலும் தார்ச் சாலையில் ஓட்டுபவராக இருந்தால் இதற்காகவே உடனே பிரிக்க வேண்டாம். மவுண்ட் பேரிங் மாற்றவோ வேறு வேலைக்கோ ஸ்ட்ரட் வெளியே வரும் முதல் வாய்ப்பில் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை கார் கழுவும்போது ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, ஸ்பிரிங் இடைவெளி வழியாகத் தண்டைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பம்பின் தண்ணீரை நேராகச் சீலின் மேல் அடிக்க விடாதீர்கள். தண்டு கண்ணாடிபோல இருக்கும்வரை பொறுக்கலாம். குவாரி, மண்பாதை, செங்கல் சூளை என்று தினமும் புழுதியில் ஓட்டுபவராக இருந்தால் மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே லேபர் கொடுத்துப் போட்டுவிடுங்கள். வேலையை முழுமையாகச் செய்யாத பட்டறையிடம் அந்த லேபரில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளக் கேட்பதும் நியாயமே.