கைபேசியில் நில அளவை: வாசகர் கேள்வி பதில்

தம்பலகாமத்தில் நில அளவையாளர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கும் வாசகர்: வயல் காணியொன்றின் எல்லைக்கற்களை, வரைபடத்தில் புள்ளிகளைப் பதிய உதவும் கியூஃபீல்ட் என்ற கைபேசிச் செயலியில் பதிவு செய்து, பழைய அளவைப் படத்தின் ஆள்கூறுகளோடு ஒப்பிட்டேன். இரண்டும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் விலகி நிற்கின்றன. கைபேசி பழுதா?

கைபேசியில் பழுதில்லை. இலங்கையில் இரண்டு தேசிய ஆள்கூற்று முறைகள் புழங்குகின்றன. இரண்டுக்கும் தொடக்கப்புள்ளி பிதுருதலாகல மலையில்தான் உள்ளது. ஆனால் அந்தப் புள்ளிக்குப் பழைய முறையில் கிழக்கு 200,000, வடக்கு 200,000 மீற்றர் என்றும், 1999ஆம் ஆண்டு முறையில் இரண்டுக்கும் 500,000 என்றும் மதிப்பு வைத்திருக்கிறார்கள். ஆகவே திருகோணமலை நகரம் பழைய படத்தில் ஏறத்தாழ கிழக்கு 250,000, வடக்கு 373,000 என்றும், புதிய முறையில் 550,000, 673,000 என்றும் வரும். படத்தைக் கையில் எடுத்தவுடன் இந்த எண்களைப் பார்த்தாலே அது எந்த முறையைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

300,000ஐக் கூட்டிவிட்டால் கணக்கு முடிந்தது என்று எண்ண வேண்டாம். 1999இல் கட்டுப்பாட்டுப் புள்ளிகளின், அதாவது ஆள்கூறு துல்லியமாக அளந்து நிறுவிய அடையாளப் புள்ளிகளின், வலையமைப்பே புதிதாகச் சரிசெய்யப்பட்டதால், வெறும் கூட்டலில் சிறிய பிழைகள் எஞ்சும். அலுவலகக் கணினியில், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், பழைய படத்தின் அடுக்குக்கு இபிஎஸ்ஜி (ஆள்கூற்று முறைகளுக்கான எண் பட்டியல்) 5234 என்ற குறியீட்டையும், வேலைக்கோப்புக்கு 5235 என்ற குறியீட்டையும் கொடுத்த பிறகே கோப்பைக் கைபேசிக்கு அனுப்புங்கள்.

இதைவிட ஆபத்தானது கண்ணில் படாத பிழை. செய்மதியிலிருந்து கைபேசி பெறுவது உலகப் பொதுமுறையிலான அகலாங்கும் நெட்டாங்கும். பழைய இலங்கைப் படங்களில் உள்ளவையோ, எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய பூமி வடிவக் கணக்கை அடிப்படையாகக் கொண்ட ‘கண்டவல’ முறை அளவுகள். ஒன்றை மற்றொன்றென எண்ணி உள்ளிட்டால், கல் நூறு மீற்றருக்கும் மேல் தள்ளிப்போய் வேறொருவருடைய வயலில் நிற்கும். கிலோமீற்றர் கணக்கில் விலகினால் யாரும் கவனிப்பார்கள். நூறு மீற்றர் விலகலோ திரையில் சரியான இடம்போலவே தோன்றும் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். வேலை தொடங்குமுன், ஆள்கூறு தெரிந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இரண்டிலாவது கருவியை வைத்து, திரை காட்டும் எண்ணைத் தெரிந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செய்மதி அளவைத் திருத்தி சென்ரிமீற்றர் துல்லியம் தரும் ஆர்டிகே கருவியைப் புளூடூத் வழியாக இணைத்திருந்தால், திருத்தம் உறுதியானதைக் குறிக்கும் ‘ஃபிக்ஸ்’ என்ற நிலை வந்த பின்பே புள்ளியைப் பதியுங்கள். திருத்தம் இன்னும் உறுதியாகாத ‘ஃப்ளோட்’ நிலையைக் காட்டும்போது எடுத்த புள்ளி சென்ரிமீற்றர் துல்லியத்துக்கு உதவாது. கருவியைத் தாங்கும் கோலின் உயரத்தைச் செயலியில் உள்ளிடவும் மறக்க வேண்டாம்.

நிலாவெளி வாசகி: கடற்கரையில் நின்றபோது செயலி என் உயரத்தைக் கடல்மட்டத்துக்குக் கீழே 90 மீற்றருக்கும் மேல் காட்டியது. இது எப்படிச் சாத்தியம்?

செய்மதி தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்ததன்று. பூமிக்குப் பொருத்திய ஒரு கணித நீள்கோளத்திலிருந்து அளந்தது. பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லாததால் கடல்மட்டம் அந்த நீள்கோளத்தோடு ஒட்டி நிற்பதில்லை. உலகிலேயே அது மிக ஆழமாகத் தாழ்ந்து, சுமார் 106 மீற்றர் கீழிறங்கும் பகுதி இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் உள்ளது. நம் தீவும் அந்தத் தாழ்வுக்குள்ளேயே அடங்குகிறது. ஆகவே நீங்கள் கண்ட எண் சரியானதே. நீள்கோளத்துக்கும் கடல்மட்டத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சரிசெய்யும் திருத்தக் கோப்பைச் செயலியில் சேர்த்துத் தெரிவு செய்தால், கடல்மட்ட உயரம் கிடைக்கும். எனினும் வயலுக்கு நீர் பாயும் சரிவைப் பார்க்கக் கைபேசியின் உயரத்தை நம்பக் கூடாது. கிழக்கு, வடக்கு அளவுகளில் வரும் பிழையைவிட உயரப்பிழை பொதுவாகப் பெரிது. அதற்கு மட்டம் பார்க்கும் லெவல் கருவிதான் ஏற்றது.

குச்சவெளி வாசகர்: இடம்பெயர்ந்து திரும்பிய எங்கள் காணியில் கற்கள் காணவில்லை. கைபேசியால் நானே அளந்து எல்லை போடலாமா?

உங்கள் கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது. காடு மூடிக் கிடந்த காணிக்குத் திரும்பி, வேலி எங்கே இருந்தது என்று தேடும் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். ஆயினும் எல்லையைக் கைபேசியால் நிர்ணயிக்காதீர்கள். திறந்த வெளியில்கூட அதன் பிழை 3 முதல் 5 மீற்றர் வரை இருக்கும். 20 பேர்ச்சஸ் காணி ஏறத்தாழ 506 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 22.5 மீற்றர். ஒரு பக்க எல்லை மட்டும் 3 மீற்றர் தவறினாலே இரண்டரைப் பேர்ச்சஸுக்கு மேல் உங்களிடமிருந்தோ அயலவரிடமிருந்தோ போய்விடும். மேலும், 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்படி, இத்தகைய அளவையைச் செய்ய வேண்டியவர் பதிவும் அனுமதியும் பெற்ற நில அளவையாளரே.

கைபேசி வேறு வகையில் உங்களுக்குப் பெரிதும் உதவும். பழைய கிணறு, அத்திவாரத்தின் எச்சம், முதிர்ந்த பனையோ புளியோ, வேலிக்கால் இருந்த தடம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அருகில் நின்று புள்ளியிட்டு, புகைப்படத்தையும், அதை நினைவில் வைத்திருக்கும் முதியவர் சொன்னதையும் சேர்த்துப் பதியுங்கள். காணி உறுதியோடும் பழைய படத்தோடும் இந்தக் கோப்பையும் கொடுத்தால், எங்கே தோண்டிப் பார்ப்பது என்று நில அளவையாளருக்குத் தெரியும். அயலவரோடு பிணக்கு இருந்து, மத்தியஸ்த சபைக்குச் செல்ல நேர்ந்தாலும், நில அளவையாளர் கையொப்பமிட்ட படத்தையே முன்வையுங்கள்.

மூதூர் வாசகர்: இணையத் தொடர்பு இல்லாத இடத்தில் செயலி வேலை செய்யுமா?

செய்யும். செய்மதிச் சிக்னலுக்கு இணையம் தேவையில்லை. பின்னணி வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே கோப்பாகத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். ஆர்டிகே திருத்தத்தை இணையம் வழியாகப் பெறுபவராயின் தொடர்பு அவசியம். அது கிடைக்காத இடத்தில் ஆள்கூறு தெரிந்த புள்ளியில் சொந்தமாக ஒரு தளநிலையக் கருவியை (அசையாது நின்று திருத்தத்தை அனுப்பும் கருவி) நிறுவி, வானொலி வழியாகத் திருத்தத்தைப் பெற வேண்டும். அடர்ந்த மரத்தின் கீழ் நின்றால் எந்தக் கருவியும் தடுமாறும். அங்கே வெளியில் இரு புள்ளிகளை எடுத்து, நாடாவால் அளந்து உள்ளே செல்லுங்கள்.