ரிமோட்டுக்குள்ள ஒரு கருப்புப் பொட்டு

கேள்வி: எங்க வீட்டு டிவி ரிமோட் கீழ விழுந்து தெறந்துக்கிச்சு. உள்ள பச்சை அட்டையில கருப்பா ஒரு பொட்டு ஒட்டியிருக்கு. அதுதான் சிப்புன்னு அண்ணன் சொல்றான். அதுக்குள்ள மூளை இருக்கா?
– 4ஆம் வகுப்பு வாசகி, தேனி

பதில்: அண்ணன் சொன்னது சரிதான் கண்ணு, ஆனா நீ பாத்த கருப்பு வெறும் பிசின், சிப்பு அதுக்கு அடியில அரிசி நொய் மாதிரி குட்டியா இருக்கும். மூளையெல்லாம் கிடையாது. உள்ள இருக்கறது பூரா சுவிட்சுதான், பேரு டிரான்சிஸ்டர். வீட்டு சுவிட்ச நாம விரலால போடுறோம்ல, இத மின்சாரமே போடும், மின்சாரமே அணைக்கும்.

வயல்ல மடை பாத்திருப்ப. திறந்தா தண்ணி பாயும், அடைச்சா நின்னுரும். சிப்புல மின்சாரம் பாஞ்சா 1, நின்னா 0, அவ்ளோதான். இப்ப ஒரே வாய்க்கால்ல ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா ரெண்டு மடை வச்சா ரெண்டையும் திறந்தாத்தான் கடைசி வரைக்கும் தண்ணி போகும், அதுவே ரெண்டு வாய்க்கால் ஒண்ணா சேருற எடம்னா எந்த மடையத் திறந்தாலும் போகும். இப்படி "இதுவும் அதுவும்", "இதுவோ அதுவோ", கூடவே 1ஐ 0ஆ திருப்புற மடை ஒண்ணு, இந்த மூணையும் கோத்துக்கோத்தே கூட்டல் கணக்கு போட வச்சிரலாம், எனக்கு இன்னைக்கும் இது ஆச்சரியம்தான்!

முன்னாடியெல்லாம் டிரான்சிஸ்டர ஒவ்வொண்ணா கம்பி வச்சு பத்தவைப்பாங்க, ஒரு பத்தவைப்பு விட்டாலும் மொத்தமும் வேலை செய்யாது. 1958ல அமெரிக்காவுல டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனில ஜாக் கில்பி புதுசா சேந்திருந்தாரு, மத்தவங்க எல்லாம் லீவுல போயிட்டாங்க, இவருக்கு லீவு இல்ல, தனியா உக்காந்து யோசிச்சாரு, எல்லாத்தையும் ஒரே துண்டுலயே செஞ்சா என்னன்னு. செப்டம்பர்ல செஞ்சும் காட்டிட்டாரு, அதுதான் சிப்பு. 2000ல நோபல் பரிசு கிடைச்சுது. அவரு செஞ்சது ஜெர்மானியம்ங்கற பொருள்ல, அடுத்த வருஷம் ராபர்ட் நாய்ஸ்னு இன்னொருத்தரு சிலிக்கான்ல செய்ய வழி சொன்னாரு, சிலிக்கான் மணல்ல இருக்கறதுதான். 1971ல வந்த இன்டெல் 4004ங்கற சிப்புல 2,300 டிரான்சிஸ்டர், 2020ல வந்த ஆப்பிள் எம்1 சிப்புல 1,600 கோடி!

உன் ரிமோட்டுல நீ பட்டன அமுக்குனதும் எந்த பட்டன்னு சிப்பு பாத்து, அதுக்குன்னு இருக்கற 1, 0 வரிசைய முனையில இருக்கற குட்டி பல்ப வச்சு மினுக்கும். அந்த வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாது, ஆனா நிறைய போன் கேமராவுக்குத் தெரியும். ரிமோட்ட மூடி பேட்டரி போட்டு, அம்மா போன்ல செல்ஃபி கேமராவத் தெறந்து அது முன்னாடி காட்டி அமுக்கிப் பாரு, ஊதா கலர்ல மினுமினுக்கும்.