முட்டத்து மணலை மீன் தொட்டியில போடலாமா?

கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல்ங்கிற ஊர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. வீட்டுல ரெண்டடி தொட்டி, அடியில நீலக் கலர் கல்லு, அஞ்சு மாசமா ரெண்டு கோல்ட்பிஷ் வளக்குறாராம். கல்லுக்கு இடையில அழுக்கு அடைஞ்சு பாக்கவே சகிக்கல, அதை எடுத்துட்டு மணல் போடலாமா, கூட ரெண்டு மூணு கோரி கேட்பிஷ் (அடியில மேயுற சின்ன மீசை மீன்) விட ஆசை, முட்டம் கடற்கரையில போயி ஒரு சாக்கு மணல் அள்ளிட்டு வந்தா காசு மிச்சந்தானே அண்ணேன்னு கேக்குறாரு.

கடைசியா கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிருதேன். வேண்டாம் தம்பி. கடல் மணல்ல சிப்பித் தூள் கலந்திருக்கும், எத்தனை தடவை கழுவினாலும் உப்புதான் போகும், சிப்பி போகாது. அது கொஞ்சங்கொஞ்சமா கரைஞ்சு தண்ணியை கடினமாக்கும், பிஎச், அதாவது தண்ணியோட காரத்தன்மை, ஏறும். சந்தேகம்னா ஒரு டம்ளர்ல ரெண்டு ஸ்பூன் மணல் போட்டு அது மேல வினிகர் ஊத்திப் பாருங்க, குமிழி விட்டு நுரைச்சா சுண்ணாம்பு இருக்குன்னு அர்த்தம். மோலி மாதிரி மீனுக்கு அது பிரச்சனையே இல்ல, ஆனா டெட்ரா, கோரி எல்லாம் கடினம் இல்லாத மென்மையான தண்ணியில இருந்து வந்த ஜாதி.

நம்ம கடற்கரையில இன்னொரு சமாச்சாரமும் இருக்கு. முட்டம், மணவாளக்குறிச்சி, சின்னவிளை பக்கம் கருப்பும் சிவப்புமா வரி வரியா கிடக்குதே, கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், அதுகூட மோனசைட்னு ஒரு கனிமமும் உண்டு, அதுல கதிர்வீச்சு உள்ள தோரியம் இருக்கு. 1909ல மணவாளக்குறிச்சியில இருந்து போன தேங்காநார்ல ஒட்டியிருந்த மணலைப் பாத்துதான் ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர் இதைக் கண்டுபிடிச்சாரு, அந்தக் காலத்துல கேஸ் லைட்டுல வெளிச்சம் தர்ற மேண்டில் வலைக்கு தோரியம் வேணும்லா. நான் பயங்காட்டல, ஆனா அணுக் கனிமம் உள்ள மணலை சாக்கு சாக்கா அள்ளுறதுக்கு சட்டக் கட்டுப்பாடு இருக்கு, வீட்டு ஹால்ல கொண்டு வச்சுக்க வேண்டிய அவசியமும் இல்ல. அதோட கருமணல் நல்ல பவர் உள்ள காந்தத்துல ஒட்டும். பாசி துடைக்கிற மேக்னட்டை கீழ வரைக்கும் இறக்கி இழுத்தீங்கன்னா கண்ணாடியில வெள்ளையா கீறல் விழும், அதுக்கப்புறம் என்ன தேய்ச்சாலும் போகாது.

சரி, மணலா கல்லா? பாக்க எது அழகுன்னு யோசிக்காதீங்க, மீன் அடியில போயி என்ன செய்யுதுன்னு பாருங்க. கோரி நாள் முழுக்க மூஞ்சியை மணலுக்குள்ள விட்டு வாயில அள்ளி செவுள் வழியா வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், மீசைதான் அதுக்குக் கை. கூரான கல்லும் அடியில அழுக்கும் சேந்தா அந்த மீசை தேஞ்சு கடைசியில மொட்டையாயிரும். கோல்ட்பிஷ்ஷும் அடியைக் கிளறித் திங்கிற ஜாதிதான். என் கிட்ட ஒராண்டாங்கிற ஜாதி கோல்ட்பிஷ் ஒண்ணு இருந்துச்சு, ஒருநாள் காலையில பாத்தா வாயைப் பொளந்தபடியே நிக்கிது, தீனியைக் கண்டாலும் மூட மாட்டேங்குது. டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள பச்சைக் கல்லு ஒண்ணு, பச்சைப்பயறு அளவுதான் இருக்கும், குறுக்க சிக்கியிருக்கு. கையை நனைச்சு மீனைத் தலைகீழா பிடிச்சு தாடைக்கு அடியில பெருவிரலால லேசா அமுக்குனேன், ரெண்டாவது அமுக்குல டப்புனு வெளிய விழுந்துச்சு. அன்னைக்கு சாயங்காலமே தொட்டியில கிடந்த கல்லு முழுக்க செடிச்சட்டிக்குப் போயிருச்சு. கோல்ட்பிஷ்ஷுக்கு ஒண்ணு மணல் போடணும், இல்லன்னா அது வாய்க்குள்ளயே போகாத பெரிய கூழாங்கல் போடணும், ரெண்டுக்கும் நடுவுல உள்ள சைஸ்தான் ஆபத்து.

கல்லுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. அடியில ஓட்டை பிளேட் வச்ச அண்டர்கிராவல் ஃபில்டர் உள்ள தொட்டிக்கு கல்லுதான் சரி, மணல் போட்டா ஓட்டை அடைச்சுக்கும். உங்க தொட்டியில அந்த பிளேட் இருக்கான்னு பாருங்க, இருந்தா அதை எடுத்துட்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர் மாட்டிட்டுதான் மணலுக்கு மாறணும்.

வீடு கட்டின மிச்சம் ஆத்து மணல் எங்கயாவது கிடக்கும், அது போதும். எம்சாண்டும் பாறைப்பொடியும் வேண்டாம், உடைச்ச பாறை அது, ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு உருட்டினாலே குத்துறது தெரியும். ஆத்து மணல் கிடைக்கலன்னா தண்ணி ஃபில்டருக்குப் போடுற சிலிக்கா மணல் வாங்கலாம். ரெண்டடிக்கு ஒரடி அளவுன்னா ஒன்றரை இஞ்சு உயரத்துக்கு 11, 12 கிலோ வரும். அதுக்கு மேல போடாதீங்க, ஆழமா போட்டா அடியில காத்து இல்லாம கெட்டு அழுகின முட்டை வாடை வரும், வாரம் ஒருக்க ஒரு குச்சியால லேசா கிளறி விட்டா போதும். மாவு அரிப்புல சலிச்சு தூளைக் கொட்டிருங்க, மேல நிக்கிற குறுமணல்தான் வேணும். பக்கெட்ல போட்டு ஓஸை அடிவரைக்கும் விட்டு கலக்கிக் கலக்கி ஊத்துங்க, பத்துப் பதினஞ்சு தடவை ஆகும், தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் விடாதீங்க, சோப்பு மட்டும் காட்டிராதீங்க.

மாத்தும்போது மீனை பழைய தண்ணியோட பக்கெட்டுக்கு மாத்திருங்க, ஏன்னா அஞ்சு மாச அழுக்கை ஒரேயடியா கிளறினா அமோனியா எல்லாம் தண்ணியில கலக்கும். பழைய கல்லுல ரெண்டு கைப்பிடியை ஒரு பழைய நைலான் சாக்ஸ்ல கட்டி தொட்டி மூலையில ஒரு மாசம் தொங்க விடுங்க, அதுல உள்ள நல்ல பாக்டீரியா புது மணலுக்குப் பரவும். ஃபில்டரைக் கழுவாதீங்க. மணல் மேல ஒரு தட்டை வச்சு தட்டுல மெதுவா தண்ணி ஊத்துங்க, இல்லன்னா குழியாயிரும். ஃபில்டர் வாயை மணலுக்கு மூணு இஞ்சு மேல தூக்கி வைங்க, மணல் உள்ள போனா மோட்டார் கடகடன்னு சத்தம் போட்டு தேஞ்சிரும். ரெண்டு நாள் கலங்கலா இருந்தா பதறாதீங்க. அழுக்கை உறிஞ்சுற சைஃபன் குழாய் போடும்போதும் கல்லுல குத்துற மாதிரி மணல்ல குத்தக் கூடாது, ஒரு இஞ்சு மேல பிடிச்சாலே அழுக்கு வந்துரும், மணல்ல அது மேலாகத்தானே கிடக்குது.

கோரி விஷயத்துல மட்டும் நீங்க கேட்டதுக்கு மாறா சொல்லுதேன். கோல்ட்பிஷ் வளந்துச்சுன்னா சின்னக் கோரியை முழுங்கப் பாக்கும், கோரி செட்டை முள்ளை விறைச்சுக்கிட்டா தொண்டையில மாட்டி ரெண்டுமே போயிரும். அதோட கோரி ரெண்டு மூணா நிம்மதியா இருக்காது, குறைஞ்சது ஆறு வேணும், ரெண்டு கோல்ட்பிஷ்ஷுக்கே அந்தத் தொட்டி இறுக்கம். இப்போதைக்கு மணலை மட்டும் மாத்துங்க, முதல் ரெண்டு வாரம் தீனியை பாதியாக் குறைச்சுப் போடுங்க, கோரிக்கு தனியா ஒரு தொட்டி வாங்குற அன்னைக்கு சலிச்ச மணல்ல மிச்சம் இருந்தா அதையே போட்டுக்கிடலாம்.