சொந்த பென்டிரைவில் ஆபீஸ் கணக்கு: 'தகவல் திருட்டு' என்று மெமோ

கேள்வி: குன்னூரில் ஒரு தேயிலை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருக்கிறேன். மழையில் கரன்ட் போய்ப் போய் வந்ததால், தேயிலை ஏல விற்பனைக் கணக்கை என் பென்டிரைவில் எடுத்துப்போய் வீட்டில் முடித்தேன். அதிலிருந்த போர்ட்டபிள் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும்) பிடிஎஃப் மென்பொருளையும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓட்டினேன். இப்போது 'தகவல் திருட்டு' என்று மெமோ கொடுத்து, 48 மணி நேரத்தில் விளக்கமும் பென்டிரைவும் கேட்கிறார்கள். அதில் குடும்பப் படங்களும் உள்ளன. அழித்துவிட்டுக் கொடுக்கலாமா?

பதில்: ஒரு ஃபைலைக்கூட அழிக்காதீர்கள். வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கவும் வேண்டாம். ஃபைல்களின் தேதி, நேரம் மாறக்கூடும். 'செருகவே இல்லை' என்பதும் நிற்காது. பென்டிரைவின் சீரியல் எண்ணையும் செருகிய நேரத்தையும் விண்டோஸ் பதிந்து வைத்திருக்கும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 பிரிவு 43-இன்படி, பொறுப்பாளரின் அனுமதியின்றித் தரவை நகலெடுத்தால் நஷ்டஈடு கேட்கலாம். அதையே நேர்மையற்ற எண்ணத்தோடோ மோசடியாகவோ செய்தால்தான் பிரிவு 66-இன் கீழ் குற்றம்: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றமா இல்லையா என்பது உங்கள் எண்ணத்தைப் பொறுத்தது. டிரைவை அழித்தால், கெட்ட எண்ணத்துக்கு நீங்களே சாட்சி தயாரித்துக் கொடுத்தது போலாகும்.

'இன்ஸ்டால் செய்யவில்லையே' என்ற வாதத்தை மட்டும் நம்பாதீர்கள். விதியில் 'நிறுவக் கூடாது' என்று மட்டும் இருந்தால் அது உதவும். 'இயக்கக் கூடாது' என்றிருந்தால் உதவாது. ஆகவே நீங்கள் கையெழுத்திட்ட விதிகளின் நகலைக் கேட்டு, கெடு முடியும் முன்பே கூடுதல் அவகாசமும் கோரி மெயில் அனுப்புங்கள்.

விளக்கத்தில் நடந்ததை ஒப்புக்கொண்டு, திருட்டு என்பதை மறுங்கள். எந்தத் தேதியில் எந்த ஃபைல், எந்த வேலைக்கு, முடித்து எப்போது ஒப்படைத்தீர்கள் என்று எழுதுங்கள். 'வீட்டில் முடித்து வா' என்று மேலாளர் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அந்தச் செய்தி தங்கத்துக்குச் சமம். ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்காமல் போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். நீதிமன்றத்தில் அந்தச் செய்தியைக் காட்ட, பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் வேண்டும்.

டிரைவ் உங்கள் சொத்து, நிர்வாகம் பிடுங்க முடியாது. ஆனால் அதிலுள்ள கணக்கு அவர்களுடையது. உறையிலிட்டு ஒட்டி, ஒட்டின் மேல் கையெழுத்திடுங்கள். உங்கள் முன்னிலையில், ரைட் பிளாக்கர் (டிரைவில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) போட்டு, அலுவலக ஃபோல்டரை மட்டும் நகலெடுக்கச் சொல்லுங்கள். நகலின் ஷா-256 ஹாஷ் எண்ணை (ஃபைலில் ஓரெழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) தாளில் எழுதி இருதரப்பும் கையெழுத்திட வேண்டும். டிரைவிலிருந்து கணக்கை நீக்குவது, அவர்கள் எழுத்தில் சொன்ன பிறகுதான்.

ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னால் எழுதாதீர்கள். எழுத்தர் வேலை தொழிலாளர் சட்டத்துக்குள் வருவது. முறையான விசாரணையின்றி நீக்கினால் தொழிலாளர் துறை சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம்.