வாடகையைத் தலைக்குப் பிரிக்காதீர்கள், மூட்டைக்குப் பிரியுங்கள்

ஐந்து பேர் ஒரே வண்டியில் பருத்தியை ஏலத்துக்குக் கொண்டுபோகிறோம், வாடகையைத் தலைக்குச் சமமாகப் போடுவதா, விற்ற விலைக்கு ஏற்றபடி போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். மூட்டைக் கணக்கில் போடுங்கள்.

நீங்களும் என்னைப் போல டெல்டாவில் கோடைப் பருத்தி போடுகிறவர் என்றே வைத்துக்கொள்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் நாங்கள் ஐந்து பேர் அரசு ஏலம் நடத்தும் திருவாரூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஈச்சர் வண்டி பிடித்தோம். மொத்தம் 30 மூட்டை. சித்தப்பாவுடையது 11, என்னுடையது 4. வாடகை 2,400 ரூபாய், தலைக்கு 480. அவருக்கு மூட்டைக்கு 44 ரூபாய்கூட விழவில்லை, எனக்கு 120. சொந்தத்துக்குள் எப்படிக் கேட்பது என்று கொடுத்துவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை.

அடுத்த ஏலத்துக்கு முன்னால் சித்தப்பாவிடமே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “அப்படின்னா கிலோ கணக்கு வச்சுக்கலாம் தம்பி” என்றார். அதுவும் சரிப்படாது. பருத்தி ஏற்றும் வண்டியில் பாரத்துக்கு முன்னால் இடம் தீர்ந்துவிடும். நான் சாக்குக்குள் இறங்கி மிதித்து மிதித்துத் திணிப்பேன். வாயைத் தைக்கும்போது சாக்கு மரக்கட்டை மாதிரி நிற்கும். எங்களில் ஒருவர் அள்ளிப் போட்டுக் கட்டிவிடுவார். அதே சாக்கில் என்னுடையது 60 கிலோ, அவருடையது 40. கிலோ கணக்கு என்றால் ஒழுங்காகத் திணித்தவனுக்கு வாடகை கூடும்.

விலைக் கணக்கும் அப்படித்தான். பனி உலர்ந்தபிறகு எடுத்து, சருகு பொறுக்கி, காயவைத்துக் கொண்டுபோகிறவனுக்குத்தான் வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் போடும் மறைமுக ஏலத்தில் நல்ல விலை விழும். அந்த உழைப்புக்கு அவனிடம் ஏன் கூடுதலாக வாங்க வேண்டும்?

காத்திருப்புக் காசு மட்டும் வேறு. ஒருமுறை ஒருவருடைய பருத்தி ஈரமாக இருந்தது. சிமெண்டுக் களத்தில் கொட்டிக் காயவைத்ததில் மூன்று மணி நேரம் போனது; டிரைவர் 500 ரூபாய் கூடக் கேட்டார். ஈரப் பருத்திக்காரரே கட்டட்டும் என்றேன். சித்தப்பா மறுத்தார்: “நாளைக்கு மழை உன் வயல்ல பெய்யும்.” யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அதைத் தலைக்கு 100 என்று போட்டோம். இறக்குக்கூலி மூட்டைக்கு இவ்வளவு என்றே கேட்பதால் அதில் தகராறு இல்லை.

நூறு, இருநூறுக்கு இவ்வளவு கணக்கா என்று சிலர் எழுதுவார்கள். நாலு மூட்டைக்காரனுக்கு அது ஒரு நாள் பருத்தி எடுத்த கூலியில் பாதி. ஒரு பருவத்தில் ஐந்தாறு தடவை போகிறோம்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: விற்பனைக் கூடத்துக்குப் போக ஆரம்பிப்பதற்கு முன்னால் வயலுக்கே வந்து வாங்கிய வியாபாரி சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று மூட்டைக்கு 3 கிலோ கழித்தார். வெறும் சாக்கு அவ்வளவு எடை வராது. எத்தனை வருடம் அப்படிக் கொடுத்தோம்! விற்பனைக் கூடத்தில் விவசாயிக்குக் கமிஷன் கிடையாது, சந்தைக் கட்டணம் ஒரு சதவீதத்தையும் வாங்குகிற வியாபாரிதான் கட்டுகிறார் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்புறம் ஒன்று. விற்ற பணம் வங்கிக் கணக்கில்தான் ஏறும், ஏலத்தன்று யார் கையிலும் காசு இருக்காது. வாடகையை வண்டியில் ஏற்றும்போதே, மூட்டையை எண்ணி வாங்கிவிடுங்கள்.