17 வயதில் நாவல் ஒப்பந்தம்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நான் பிளஸ் 2 மாணவி, வயது 17. 1,20,000 சொற்களில் ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதி முடித்திருக்கிறேன். ஒரு பதிப்பகம் 'நாவல் தேர்வாகிவிட்டது' என்று சொல்லி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. ரூ.45,000 கட்டினால் 300 பிரதிகள் அச்சாகுமாம். 100 சதவீத ராயல்டி, ஐஎஸ்பிஎன், பதிப்புரிமைப் பதிவு, நூலக ஆணை எல்லாம் அதில் அடக்கமாம். அப்பா கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள். பத்து நாள் கெடு. போடலாமா?

பதில்: போடாதீர்கள். பணமும் கட்டாதீர்கள்.

ஒரு நாவலைத் தேர்ந்தெடுத்த பதிப்பகம் எழுதியவரிடம் பணம் கேட்காது. தாள், அச்சு, அட்டை, பிழைதிருத்தம் எல்லாம் அதன் முதலீடு. புத்தகம் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். உங்களிடம் ரூ.45,000 வாங்குபவருக்கு லாபம் அன்றைக்கே கைக்கு வந்துவிடுகிறது. பிறகு 300 பிரதியும் உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தாலும் அவருக்கு நஷ்டமில்லை. பத்து நாள் கெடு எதற்கு? நீங்கள் நாலு பேரிடம் விசாரித்துவிடக் கூடாது என்பதற்குத்தான்.

அவர்கள் அடுக்கும் சலுகைகளைப் பாருங்கள். ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. தனி எழுத்தாளரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அந்த 13 இலக்க எண் புத்தகத்தை அடையாளம் காண மட்டுமே, அதனால் எந்த உரிமையும் வந்துவிடாது. பதிப்புரிமை, நீங்கள் எழுதிய கணமே உங்களுடையது; பதிவு கட்டாயமில்லை. ஒரு சாட்சியாக இருக்கட்டும் என்று விரும்பினால் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் ரூ.500. விண்ணப்பித்ததும் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு, அதன்பின் பதிப்புரிமை அலுவலகம் எப்போது கண் திறக்கிறதோ அப்போது. நூலக ஆணையை, அதாவது அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் உத்தரவை, யாரும் முன்கூட்டி வாங்கித் தர முடியாது. ஆணை எப்போது வரும், எந்தப் புத்தகத்துக்கு வரும் என்பது பழைய பதிப்பாளர்களுக்கே புரியாத புதிர். அதை வாக்குறுதியாகக் கொடுப்பவரை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இனி '100 சதவீத ராயல்டி'. எதில் 100 சதவீதம் என்று கேளுங்கள். விலை ரூ.600 என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 40 சதவீதக் கழிவு போனால் மீதி ரூ.360. அதில் 'அச்சுச் செலவு' ரூ.250, 'கிடங்கு, கூரியர்' ரூ.60 கழிப்பார்கள். மிஞ்சும் ரூ.50 முழுவதும் உங்களுக்காம்! சாதாரணப் பதிப்பகம் அட்டை விலையில் 10 சதவீதம் தந்தாலே ரூ.60. இத்தனைக்கும் அச்சுக் கூலியை நீங்கள் ஏற்கெனவே கட்டியாயிற்று. ஒப்பந்தத்தில் 'நிகர வருவாய்', 'நிகர லாபம்' என்ற சொற்கள் இருந்தால் அடித்துவிட்டு 'அட்டை விலை' என்று எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து உங்கள் வயது. 18 நிரம்பாதவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. 1903-ல் மோஹோரி பீபி வழக்கில், அன்று இந்தியாவுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் சட்டம். ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத்தான் பலர் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். சிறார் தன் பங்கை முழுதாக முடித்துவிட்டு, எதிர்த்தரப்பு தரவேண்டியது மட்டும் பாக்கி என்றால், அதை அவர் சார்பில் கேட்டு வாங்கலாம். அடமானத்தின் பேரில் பணம் கொடுத்துவிட்ட ஒரு சிறாரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 1916-ல் அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆனால் நாவல் ஒப்பந்தத்தில் உங்கள் பங்கு அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. மெய்ப்பு (அச்சுக்கு முந்தைய சரிபார்ப்புப் படி) திருத்தித் தர வேண்டும், 'யார் படைப்பையும் திருடவில்லை' என்ற உறுதிமொழி நீடிக்கும், அடுத்த பாகத்தை அவர்களிடமே தர வேண்டும் என்றெல்லாம் இருக்கும். ஆகவே 'சிறாருக்கு ஆதாயமானதுதானே, செல்லும்' என்று அவர்கள் சொல்வதை நம்பிக் காலை விடாதீர்கள். அப்பா தன் பெயரில் கையெழுத்திட்டால் அந்த உறுதிமொழிகளின் சுமையும் நஷ்டஈடும் அவர் தலையில் விடியக்கூடும். 18 ஆனபின் பழைய ஒப்பந்தத்தை 'நான் ஏற்கிறேன்' என்று உயிர்ப்பிக்கவும் சட்டத்தில் வழியில்லை. புதிதாகத்தான் போட வேண்டும். சில மாதங்கள்தானே, பொறுத்திருங்கள்.

அப்போது கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் எந்த உரிமை, எந்த மொழி, எந்த நாடு, எத்தனை ஆண்டு என்ற நான்கும் இருக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-ன்படி காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்று பொருள். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தால் இந்தப் பாதுகாப்பு எதுவும் உதவாது. 'நிரந்தரமாக', 'எல்லா ஊடகங்களிலும்' என்று இப்படிப் பணம் வாங்கும் பதிப்பகங்கள் எழுதுவது இதற்காகவே. ஃபேன்டஸிக்கு இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் உங்கள் முதலீடே அந்த உலகமும் பாத்திரங்களும்தான். தமிழில் அச்சுப் புத்தக உரிமையை மட்டும் மூன்று முதல் ஐந்தாண்டுக்குக் கொடுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை, தொடர்ச்சிப் பாகங்கள் உங்களிடமே இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை விற்பனைக் கணக்கு என்ற வரியும் வேண்டும். எத்தனை பிரதி விற்றது என்பது பதிப்பாளர் வாய் திறந்தால்தான் தெரியும் என்ற நிலைமைக்கு நம் புத்தகத் துறை வெட்கப்படுவதே இல்லை.

காத்திருக்கும் மாதங்களில் நாவலின் அளவைக் கவனியுங்கள். நாவல்கள் வழக்கமாக அச்சாகும் டெம்மி அளவில் பக்கத்துக்குச் சுமார் 210 சொல் என்றால் உங்களுடையது 570 பக்கத்தைத் தாண்டும். ஒரே தாளில் சேர்த்து அச்சிடும் 16 பக்கத் தொகுதியைப் பாரம் என்பார்கள்; அந்தக் கணக்கில் 36 பாரம். புதியவரின் முதல் நூலுக்கு எந்தப் பதிப்பாளரும் தயங்குவார். 80,000 சொல்லுக்குள், தானாக முடியும் ஒரே கதையாகச் செதுக்க முடிகிறதா பாருங்கள். ஐந்து பாகத் திட்டத்தை இப்போது வெளியில் சொல்ல வேண்டாம்.

ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி மூன்று மாதம் பதிப்பாளர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. பிப்ரவரிக்குப் பிறகு அனுப்புங்கள். முடிவையும் மறைக்காமல் சொல்லும் ஒரு பக்கச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள், யூனிகோடு கோப்பு. எழுத்தாளருக்காகப் பதிப்பகத்திடம் பேசும் இலக்கிய முகவர்கள் தமிழில் இல்லை என்றே சொல்லலாம். 'வாசிப்புக் கட்டணம்' கேட்கும் முகவர் வெறும் தரகர்.

கோப்போடு ஒரு பெயர்ப் பட்டியலும் வையுங்கள். நீங்களே உருவாக்கிய ஊர், குலம், மந்திரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பிழைதிருத்துபவருக்கு 'ஆழிக்கோள்' சரியா, 'ஆளிக்கோள்' சரியா என்று எப்படித் தெரியும்? யூனிகோடு கோப்பை அதற்கு முந்தைய பழைய எழுத்துருவுக்கு மாற்றும் அச்சகங்களில் 'ஃப்' போன்றவை சிதைந்துபோகும். கடைசி மெய்ப்பில் பட்டியலிலுள்ள ஒவ்வொரு பெயரையும் தேடிப் பார்த்த பிறகே அச்சுக்கு ஒப்புதல் கொடுங்கள்.